அணுவைப் படம்பிடித்த பிறகுதான் வேலை

உங்கள் கைப்பேசிச் சில்லுக்குள் சில நானோமீட்டர் தடிமனே உள்ள படலங்கள் இருக்கின்றன. பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் அவற்றைப் பார்க்க முடியாது. மிகச் சிறந்த ஒளி நுண்ணோக்கியும் சாதாரணமாக 200 நானோமீட்டரோடு நின்றுவிடும். ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். கடுகின் மேல் கீறிய எழுத்தைத் துடைப்பக் குச்சியால் தடவிப் படிக்க முடியுமா? அதே சிக்கல்தான் இங்கும்.

எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு. 300 கிலோவோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கினால் அது ஏறக்குறைய 0.002 நானோமீட்டர், அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்கு. 1931ஆம் ஆண்டு பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தார்கள். கண்ணாடி வில்லைக்குப் பதில் காந்தப்புலம். ஆனால் வட்ட வடிவக் காந்த வில்லை எதுவானாலும் படத்தைச் சற்றே கலங்கடிக்கும், அதைத் தவிர்க்க வழியில்லை என்று 1936இல் ஓட்டோ ஷெர்ட்சர் கணக்கிட்டுக் காட்டினார். ஹரால்ட் ரோஸ, மாக்சிமிலியான் ஹைடர், குனுட் உர்பான் ஆகிய மூவரும் வட்டமல்லாத காந்தங்களைச் சேர்த்து அந்தக் குறையைத் திருத்திய படங்களை வெளியிட்டது 1998இல். இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்றைய கருவிகள் 0.1 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்டுகின்றன.

அப்படியானால் பொத்தானை அழுத்தினால் அணுக்கள் தெரிந்துவிடும், ஆய்வாளருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். திரையில் தெரிவது பொருளின் இயல்பா, அல்லது பார்ப்பதற்காக நாம் செய்த காரியத்தின் விளைவா? இதைப் பிரித்தறிவதுதான் அவர் வேலையின் பெரும்பகுதி.

முதலில் மாதிரியை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரான் ஊடுருவிச் செல்ல வேண்டுமானால் மாதிரி 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு! சில்லுத் தொழிற்சாலையின் பழுதாய்வுக் கூடத்தில் காலியம் அயனிக் கற்றையால் செதுக்கி அத்தகைய சீவலை எடுப்பார்கள். ஆனால் அந்தக் கற்றையே மாதிரியின் மேற்பரப்பில் அணுக்களின் ஒழுங்கைக் குலைத்துவிடும். காலியம் உள்ளேயும் புகும். அதைப் பொருளின் குறைபாடு என்று எழுதிவிட்டால், இல்லாத பழுதைத் தேடித் தொழிற்சாலை அலைய வேண்டியதுதான்.

அடுத்தது எலக்ட்ரான் கற்றை. கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த கிராஃபீனை 200 கிலோவோல்ட்டில் பார்த்தால், வரும் எலக்ட்ரான்கள் அணுக்களைத் தட்டி வெளியேற்றும். படத்தில் தெரியும் ஓட்டை பார்த்ததால் உண்டான ஓட்டையாக இருக்கலாம். எனவே 80 கிலோவோல்ட்டோ அதற்கும் குறைவாகவோ வைத்துப் பார்க்கிறார்கள். மின்கலத்திலுள்ள லித்தியம் உலோகம் இன்னும் மென்மையானது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு அதைத் திரவ நைட்ரஜனின் குளிரில் உறைய வைத்து, அணு அளவில் படமெடுத்தது. உயிரியலாளர்கள் புரதங்களுக்குக் கையாளும் முறை அது.

மூன்றாவது சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கிடைக்கும் படம் நிழல்தான். வாயாங் கூலிட் திரையில் இரண்டு பாவைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் நான்கு கை கொண்ட ஓர் உருவம் தெரியுமல்லவா?

1982 ஏப்ரல் 8. அமெரிக்காவின் மேரிலாந்தில், இஸ்ரேலிலிருந்து வந்திருந்த டான் ஷெக்ட்மன், உருக்கி மிக விரைவாகக் குளிரவைத்த அலுமினியம்-மாங்கனீசு உலோகக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். படிகத்தில் பட்டுச் சிதறும் எலக்ட்ரான்கள் புள்ளிக் கோலம் ஒன்றை உண்டாக்கும். அன்று கிடைத்த கோலத்தை 36 பாகை திருப்பினாலும் அப்படியே இருந்தது. பத்து மடங்குச் சமச்சீர். தரையில் சதுர ஓடுகளை இடைவெளியின்றிப் பதிக்கலாம், அறுகோண ஓடுகளையும் பதிக்கலாம். ஒழுங்கான ஐங்கோண ஓடுகளைப் பதித்துப் பாருங்கள், சந்து விழும். ஐந்தும் பத்தும் படிகத்தில் வரவே முடியாது என்பதுதான் அன்றைய பாடம்.

எளிய விளக்கம் ஒன்று கைவசம் இருந்தது. சாதாரணப் படிகங்கள் சில வெவ்வேறு கோணத்தில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் புள்ளிகள் சேர்ந்து பத்தாகத் தோன்றலாம். ஷெக்ட்மன் அதைத்தான் முதலில் சோதித்தார். ஒரு புள்ளிக்குப் போகும் எலக்ட்ரான்களை மட்டும் கொண்டு படமெடுத்தார். ஒட்டுப் படிகங்களாக இருந்தால் ஒரு துண்டு மட்டும் ஒளிர வேண்டும். முழுத் துகளும் ஒளிர்ந்தது. கற்றையைக் குறுக்கி மிகச் சிறிய பகுதியை மட்டும் பார்த்தார். அப்போதும் அதே கோலம்.

இவ்வளவு செய்தும், ஆய்வுக் குழுவை விட்டு விலகச் சொன்னார்கள். கட்டுரை வெளிவர 1984 நவம்பர் ஆனது. இரண்டு நோபெல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், ஒட்டுப் படிக விளக்கத்தையே விடாப்பிடியாக முன்வைத்தார். மற்ற கூடங்களிலும் அதே கோலம் கிடைக்கத் தொடங்கியது. 1992இல் அனைத்துலகப் படிகவியல் சங்கம் படிகத்தின் வரையறையை மாற்றி எழுதியது. ஷெக்ட்மனுக்கு 2011இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. பாலிங் 1994இல் மறையும்வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.