உறைதலும் அழற்சியும்

காலில் முள் தைத்தவிடத்து முதலிற் குருதி கசிகின்றது. சிறிது நேரத்தில் அஃது உறைந்து நிற்கின்றது. மறுநாள் அவ்விடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று நோகின்றது. இந்நான்கு குறிகளையும் உரோம நாட்டுக் கெல்சஸ் என்பார் கி. பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தனர். தீயைக் குறிக்கும் அழல் என்னுஞ் சொல்லினின்று அழற்சி என நாம் வழங்குதல் போலவே, இலத்தீன் மொழியாளரும் எரிதற்குரிய சொல்லாலேயே அதனை அழைத்தமை தமிழ் பயிலும் எமக்கு உவகை தருவதொன்று. நிற்க.

உறைதல் ஒழுக்கை அடைப்பது. அழற்சி புகுந்த கிருமியைப் பொருவது. ஆகவே இரண்டும் வேறெனவே தோன்றும். அவை ஒரு குடிப் பிறந்தனவே என்பதைக் காட்டியது ஒரு கடலுயிர்.

அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் வாழுங் குதிரைலாட நண்டு பெயரளவிலேயே நண்டு. உறவால் அது தேளுக்குஞ் சிலந்திக்கும் அணித்து. செம்பு கலந்த பொருளொன்று உடைமையின் அதன் குருதி காற்றுப் பட்டவுடன் நீலநிறங் கொள்ளும். மாசச்சூசெட்ஸ் மாகாணத்து உட்ஸ் ஹோல் என்னும் ஊரிலுள்ள கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்திற் பிரெடெரிக் பாங் என்னும் அறிஞர், கடல்வாழ் பாக்டீரியா ஒன்றை இந்நண்டின் உடலிற் செலுத்தினார். நண்டு இறந்தது, குருதி உடலினுள்ளேயே உறைந்து கிடந்தது. வெப்பத்தாற் கொல்லப்பட்ட பாக்டீரியாவும் குருதியை அவ்வாறே உறையச் செய்தது என்பதே வியப்பு. இச்செய்தி 1956-இல் வெளிவந்தது. பின்னர் ஜாக் லெவின் என்னும் குருதிநோய் மருத்துவர் அவருடன் கூடி, பாக்டீரியாவின் புறத்தோலிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நஞ்சே இதற்குக் காரணமென 1964-இல் எழுதினார். அந்நண்டின் குருதியிற் பெரும்பாலும் ஒரேவகை அணுவே உண்டு. காவலாளும் அதுவே, கொத்தனும் அதுவே. நஞ்சு சிறிது பட்டவளவில் அது தன்னகத்துள்ள பொருள்களை உமிழ, கிருமி கூழினுள் அகப்பட்டு ஒழிகின்றது.

ஊசிமருந்துகளில் இந்நஞ்சு உளதோவென அறிய, முயல்களுக்கு அம்மருந்தை ஏற்றிச் சுரங் காண்கின்றதோவெனப் பார்த்திருந்த வழக்கம், 1977-இல் அமெரிக்க அரசினர் நண்டுக்குருதிச் சோதனைக்கு இடந்தந்தபின் குறைந்தது. குருதி எடுத்துக் கடலில் விடப்படும் நண்டுகளுள் ஒரு பகுதி இறந்துபடுகின்றன என்பதையும் மறைத்தல் தகாது.

மாந்தருடலில் இத்தொழில்கள் பிரிந்துள்ளன. கொத்துவேலை குருதித் தட்டணுக்களுக்கும் சில புரதங்களுக்கும், காவல் வெள்ளணுக்களுக்கும் உரியவாயின. எனினும் பழைய உறவு அற்றிலது. எண்டோடாக்சின் பட்ட வெள்ளணு, திசுக்காரணி என்னும் புரதத்தைத் தன் மேற்புறத்திற் காட்டி உறைதலைத் தொடங்கிவைக்கின்றது; உறைதலிற் பிறக்குந் திராம்பின் அழற்சியை மேலும் மூட்டுகின்றது. ஒருவகை வெள்ளணு தன் டி. என். ஏ. இழைகளையே வலையாக வீசிக் கிருமியைப் பிடித்தலை 2004-இற் பெர்லின் ஆய்வாளர் கண்டுரைத்தனர். அவ்வலையிற் கிருமியேயன்றித் தட்டணுக்களுஞ் சிக்கிக் கட்டியாதல் 2010-இற் புலனாயிற்று.

ஓரிடத்தில் நிகழின் இது காவல். உடலெங்கும் நிகழின் அந்நண்டுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். இரண்டையும் ஒருங்கே தணிக்குமென நம்பி, உடலில் இயற்கையாயுள்ள ஒரு தடைப்புரதத்தை மருந்தாக்கி 2001-இற் குருதிநச்சு நோய்க்கு வழங்கலாயினர். பிந்திய சோதனையிற் பயன் காணாமையால் 2011-இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2020-இற் கொரோனா நோயாளர் பலருடைய நுரையீரற் குழாய்களிற் குருதிக்கட்டிகள் காணப்பட்டபோது, மருத்துவர் ஹெப்பரின் என்னும் உறைதடுப்பு மருந்தின் அளவை மிகுத்துக் கொடுத்துப் பார்த்தனர். 2021-இல் வெளிவந்த முடிவுகளின்படி, நோய் முற்றாது மருத்துவமனையிற் கிடந்தாருக்கு அஃது உதவிற்று. தீவிரச் சிகிச்சைப் பிரிவிற் கிடந்தாருக்கு உதவவில்லை. அழல் எங்கும் பரவுமுன் கொடுத்தமையே முன்னவர்க்குத் துணையாயிற்று என்பது பலர் கருத்து.