எருமைக்கு ஊமைப்பருவம்

கேள்வி: எங்கள் முர்ரா எருமை கோடையில் பருவத்துக்கே வருவதில்லை. மலடா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: அவசரப்பட்டுச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். கறுத்த தோல், பசுவைவிடக் குறைந்த வியர்வைச் சுரப்பிகள். எருமைக்கு ஏறிய சூடு லேசில் இறங்காது. தீனி குறையும், பருவ ஹார்மோன்களும் தடுமாறும். பல சமயம் பருவம் வரத்தான் செய்கிறது, கத்தாமல். அதுதான் ஊமைப்பருவம். இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். வாலடியில் கண்ணாடிபோல் வழும்பு தொங்கினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடுப்பகலில் குட்டையில் விடுங்கள், குட்டை வற்றியிருந்தால் மூன்று முறையாவது தண்ணீர் பீய்ச்சுங்கள். பகல் சுருங்கும் ஐப்பசி, கார்த்திகையிலும் 21 நாள் சுழற்சி தெரியாவிட்டால் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.