தளர்ந்த கம்பியில் பிறந்த இசை



விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் என்றதும் உங்கள் தமிழாசிரியர் இரட்டைப் புலவரை நினைவூட்டுவார். ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் மற்றவரைத் தோளில் சுமந்து நடக்க, சுமக்கப்பட்டவர் வழி காட்டினாராம். ஒருவர் பாட்டைத் தொடங்க, மற்றவர் முடிப்பாராம். திருவாமாத்தூர்க் கலம்பகம் அவர்கள் பாடியது என்று சொல்வார்கள். உடற்குறையை அவர்கள் ஒருவருக்கொருவர் துணை நின்று கடந்தார்கள்.

அதே போல் ஓர் உடற்குறையைக் கடக்க, துணைக்கு இன்னொரு மனிதர் இல்லாமல் இயற்பியல் விதியே கைகொடுத்த கதை ஒன்று உண்டு. அது நடந்தது இங்கிலாந்தில், தொழிற்சாலைகள் நிறைந்த பர்மிங்காம் நகரில்.

விரல் நுனி போன கலைஞர்

டோனி அயோமி அந்நகரத்து இளைஞர், கிதார் வாசிப்பவர். 1965-இல் அவருக்கு வயது 17. உலோகத் தகடு வேலை நடக்கும் தொழிற்சாலையில் அன்றுதான் அவருக்குக் கடைசி நாள். அன்றைக்கே இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே, கம்பிகளை அழுத்த வேண்டிய கையே வலக்கைதான்!

இனிக் கிதார் இல்லை என்று அவர் மனம் உடைந்திருந்தபோது, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தும் பெரும் புகழ் பெற்ற கிதார் கலைஞர் அவர்.

அயோமி மீண்டும் முயன்றார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பிகள் செய்தார். கம்பியில் வழுக்காமல் இருக்க அவற்றின் மேல் தோல் ஒட்டினார். ஆனால் ஒரு சிக்கல் மிஞ்சியது. இறுக்கமான எஃகுக் கம்பியை அந்தத் தொப்பி விரலால் அழுத்துவது கடினம், வலிக்கவும் செய்தது. விரலை மாற்ற முடியாது. கம்பியை மாற்றலாம் அல்லவா?

மூன்று விதிகள்

உங்கள் பள்ளிச் சோதனைச் சாலையில் உள்ள சுரமானியை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண்ணை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட விதிகள் இவை:

1. அதிர்வெண், கம்பியின் நீளத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.
2. அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும்.
3. அதிர்வெண், ஓரலகு நீளக் கம்பியின் நிறையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

வீணையில் மெட்டுகளின் மேல் விரல் நகர்வது முதல் விதி. பிரடையைத் திருகிச் சுருதி சேர்ப்பது இரண்டாம் விதி. மந்தர சுரத்துக்குத் தடித்த தந்தி போடுவது மூன்றாம் விதி.

கம்பியை அழுத்தத் தேவைப்படும் விசை அதன் இழுவிசையைப் பொறுத்தது. எனவே அயோமிக்கு வேண்டியது குறைந்த இழுவிசை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மெல்லிய கம்பி. மூன்றாம் விதிப்படி நிறை குறைந்தால், அதே சுருதியைப் பெறக் குறைந்த இழுவிசையே போதும். அக்காலத்தில் அவ்வளவு மெல்லிய கிதார் கம்பிகள் எளிதில் கிடைக்கவில்லை. அயோமி பாஞ்சோ என்னும் வேறொரு வாத்தியத்தின் கம்பிகளை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது வழி, கம்பியைத் தளர்த்துவது. சுருதி இறங்கும், இறங்கினால் இறங்கட்டும்! அயோமியின் பிளாக் சாபத் இசைக்குழு 1971-இல் வெளியிட்ட மூன்றாவது இசைத்தட்டு ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’. அதில் சில பாடல்களுக்குக் கிதாரின் எல்லாக் கம்பிகளும் மூன்று அரைச்சுரம் இறக்கப்பட்டன. மேல் சட்ஜத்திலிருந்து இறங்கும்போது மோகன ராகத்தில் வரும் முதல் படி, அதாவது ‘ச’விலிருந்து ‘த’வுக்கு இறங்கும் அளவு, அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கிதாரின் தடித்த கம்பி வழக்கமாக 82.4 ஹெர்ட்ஸில் அதிரும். மூன்று அரைச்சுரம் இறக்கினால் 69.3 ஹெர்ட்ஸ். விகிதம் 0.841. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.841-இன் வர்க்கம் 0.707. அதாவது, 7 கிலோ எடை தொங்குவது போல் இறுகியிருந்த கம்பியில் இப்போது சுமார் 5 கிலோவே தொங்குகிறது. சுருதி இறங்கியது 16 விழுக்காடு. விரலின் சுமை குறைந்தது 29 விழுக்காடு!

தளர்ந்த கம்பிக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி கூடுதலாக ஏறும். வீணையில் கமகம் பிறப்பது இவ்வாறு இழுப்பதால்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் படித்த பிரசன்னா, கிதாரில் கர்நாடக இசையை வாசிப்பவர். அவருடைய விரல்களும் கம்பியை இழுத்தே கமகங்களைத் தருகின்றன.

கனம் எங்கிருந்து வந்தது?

இறங்கிய சுருதி ஒரு குறையாக நிற்கவில்லை. கேட்டவர்களுக்கு அந்த இசை கனமாக, இருண்டு ஒலித்தது. ‘ஹெவி மெட்டல்’ என்னும் இசை வகைக்கு முன்னோடி என்று பிளாக் சாபத்தைச் சொல்வார்கள்.

கனத்துக்கு மின்னியலும் காரணம். மின் கிதாரில் எஃகுக் கம்பிக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. கம்பி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. இது ஃபாரடேயின் விதி. ஒலிபெருக்கியை அளவுக்கு மேல் முடுக்கினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. ராக் கலைஞர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள்.

அவர்கள் பெரிதும் வாசிப்பது நமக்குத் தெரிந்த இரண்டு சுரங்களை: ‘ச’வும் ‘ப’வும்! தம்புராவில் நாம் கேட்கும் அதே இணை. அவற்றின் அதிர்வெண்கள் 2:3 என்ற விகிதத்தில் உள்ளன. முகடு வெட்டுப்படும்போது இரண்டின் வேறுபாடான 1 பங்கு அதிர்வெண்ணும் பிறக்கிறது. 2 பங்குக்கு 1 பங்கு என்றால் ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜம். வாசிக்காத சுரம் அடியில் வந்து நிற்கிறது!

அப்படியானால் கம்பியை எவ்வளவும் தளர்த்தலாமா? கூடாது. மிகத் தளர்ந்தால் கம்பியின் வீச்சு அதிகமாகி மெட்டுகளில் உரசும். அழுத்தும்போதே சுருதியும் தவறும். இதனால்தான் பின்னாளில் இன்னும் கீழே இறங்கிய மெட்டல் குழுக்கள் தடித்த கம்பிகளை நாடின.

செய்து பாருங்கள்

கிதார் தேவையில்லை. மீன்பிடி நைலான் நரம்பின் ஒரு முனையை மேசைக் காலில் கட்டுங்கள். நரம்பை மேசைமேல் கொண்டுவந்து, அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு உருண்டைப் பேனாக்களின் மீது செலுத்தி, மறுமுனையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். அதில் அரை லிட்டர் தண்ணீர் உள்ள புட்டியைக் கட்டி, நரம்பை மீட்டுங்கள். பிறகு 2 லிட்டர் கட்டி மீட்டுங்கள். எடை நான்கு மடங்கு ஆனதால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறியிருக்கும். புட்டிக்கு நேர் கீழே காலை வைக்காதீர்கள்!

இப்போது 2 லிட்டரை 1.4 லிட்டராகக் குறையுங்கள். காதில் விழுவது ‘ச’விலிருந்து ‘த’. அயோமி இறக்கிய அதே அளவு.

ஒரு கேள்வி: ஐந்து அரைச்சுரம் இறக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகும். 2 லிட்டரில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்? முதலில் தாளில் கணக்கிடுங்கள். பிறகு நரம்பைக் கேளுங்கள்.