அப்பா வேலை செய்கிறாரா, செய்தாரா? ஆங்கில வினைச்சொல் பற்றிக் கொஞ்சம்



இந்த முறை ஆங்கில இலக்கணம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, போரடிக்காம எழுதுங்க" என்று ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். வினைச்சொல்லில் வரும் பிழையைக் கண்ணுக்கு முன்னால் காது பிடித்துவிடும்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா 30 வருஷம் பால்மரம் வெட்டியவர். நான் ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் ரொம்ப அன்பாக, உன் அப்பாவைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்: "மை ஃபாதர் வொர்க் இன் தி எஸ்டேட். ஹீ டேப் ரப்பர். ஹீ லைக் டு ரீட் நியூஸ்பேப்பர்."

அவர் சிரித்துக்கொண்டே, அப்படியா, எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்டார்.

அப்பா இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். அது என் வாயில் வரவில்லை. "நெக்ஸ்ட் இயர், மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கீழே விண்ணப்பத் தாளைப் பார்த்தார். தகப்பனார் காலமாகிவிட்டார் என்று நானே அதில் எழுதியிருந்தேன். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குமேல் அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. காரணம் அந்த ஒரு சொல்தான் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வந்திருக்கலாம். ஆனால் இறந்துபோன அப்பாவை என் வாயாலேயே வேலைக்கு அனுப்பிவிட்டு வந்தேன். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

எங்கே தவறினேன்? "வொர்க்" என்பதற்கு வால் இல்லை. "வொர்க்ஸ்" என்றால் இன்றும் வேலை செய்கிறார். "வொர்க்ட்" என்றால் செய்தார், இப்போது இல்லை. வால் இல்லாமல் சொன்னதால் கேட்டவர் தனக்குத் தோன்றிய காலத்தை ஒட்டிக்கொண்டார்.

இந்தப் பிழை நமக்கு ஏன் வருகிறது தெரியுமா? தமிழில் வினைச்சொல் எல்லாவற்றையும் தானே சுமக்கும். "வந்தாள்" என்ற ஒரு சொல்லிலேயே வந்தது பெண், ஒருத்தி, நேற்றோ முன்போ என்று எல்லாம் இருக்கிறது. "அவள் வந்தான்" என்று மூன்று வயசுக் குழந்தைகூடச் சொல்லாது. சொன்னால் அது வழு என்று தமிழ் இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போக வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய விஷயம். மலாய்மொழி நேர் எதிர். சாயா பெர்கி, டியா பெர்கி, மெரேக்கா பெர்கி. யார் போனாலும் "பெர்கி"தான். நேற்று என்றால் முன்னால் "செமாலம்" போட்டால் போதும். வினை அசையவே அசையாது.

ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தமிழ் அளவுக்கு மாறாது, ஆனால் மலாய் மாதிரி சும்மாவும் இருக்காது. பள்ளியில் நாள் முழுக்க மலாய் பேசும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுபோகிறார்கள். "யெஸ்டர்டே ஐ கோ பசார்" என்று வருவது அதனால்தான். மாமாக் கடையில் நண்பர்களோடு இப்படிப் பேசுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் பேசுகிறேன். தேர்விலும் வேலைக் கடிதத்திலும் வேறு ஆங்கிலம் வேண்டும், அவ்வளவுதான். எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் 2021 முதல் பேச்சுத் தேர்வும் கேட்டல் தேர்வும் தனித்தனித் தாள்கள். எழுதித் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். முதலில் நல்ல செய்தி. எழுவாய்க்கு ஏற்ப ஆங்கில வினை மாறும் இடம் மிகக் குறைவு. இறந்தகாலத்தில் "வாஸ், வேர்" தவிர மாற்றமே இல்லை. ஐ வொர்க்ட், ஷீ வொர்க்ட், தே வொர்க்ட், எல்லாம் ஒன்றுதான். "வில்" போட்டாலும் மாற்றமில்லை. சாதாரண நிகழ்காலத்தில் மட்டும், ஹீ, ஷீ, இட் என்ற மூன்றுக்கும் வினையின் கடைசியில் ஓர் எஸ் சேரும். ஐ, யூ, வீ, தே என்றால் சேராது. இதோடு "பீ, ஹேவ், டூ" என்ற மூன்று வினைகளின் வடிவங்களைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இதில் ஒரு குழப்பம் வரும். பெயர்ச்சொல்லில் எஸ் சேர்ந்தால் பன்மை, வினையில் சேர்ந்தால் ஒருமை. "தி பாய் ரன்ஸ்" என்றால் ஒரு பையன். "தி பாய்ஸ் ரன்" என்றால் பல பேர். பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வீட்டில் ஒரு குடைதான் இருக்கிறது, பெயர் எடுத்துக்கொண்டு போனால் வினை நனையட்டும். எல்லா இடத்திலும் இது செல்லாது. "சில்ட்ரன்" எஸ் இல்லாமலே பன்மை, "மேத்தமேட்டிக்ஸ்" எஸ் இருந்தும் ஒருமை. ஆனால் தொடக்கத்துக்கு இது போதும்.

அதே குடைக் கணக்குதான் கேள்விக்கும் மறுப்புக்கும். "ஹீ கோஸ்" சரி. கேள்வி கேட்கும்போது "டஸ்" முன்னால் வந்து எஸ்ஸை வாங்கிக்கொள்கிறது. பிறகு வினை வெறும் "கோ"தான். "டஸ் ஹீ கோஸ்?", "ஹீ டஸின்ட் கோஸ்" இரண்டும் தப்பு. இறந்தகாலமும் அப்படியே. "டிட்" வந்தபிறகு "வென்ட்" வராது. "ஐ டிடின்ட் வென்ட்" என்று எழுதாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நானும் எழுதியவன்தான்.

"கேன், மஸ்ட், ஷுட், வில்" ஆகியவை வேறு சாதி. இவை துணைவினைகள். யார் வந்தாலும் தலை குனியா. ஹீ கேன் சிங். "ஹீ கேன் சிங்ஸ்" கிடையாது.

அடுத்து "இஸ், ஆம், ஆர்". இவை ஒரு செயலைச் சொல்வதில்லை, இரண்டு சொல்லைக் கட்டிப்போடுகின்றன. தமிழில் "அவர் டாக்டர்" என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது, வினையே தேவையில்லை. அந்த நினைப்பில் "மை சிஸ்டர் வெரி கிளெவர்" என்று விடுகிறோம். நடுவில் "இஸ்" வேண்டும். இதைத் திருத்தித் திருத்திச் சொன்னால் அடுத்த வாரம் வேறு நோய் வரும். பயத்தில் எல்லா இடத்திலும் "இஸ்" போடத் தொடங்குவார்கள்: "ஹீ இஸ் வொர்க் இன் பினாங்", "ஐ ஆம் அக்ரீ". வாக்கியத்தில் ஏற்கெனவே செயல் இருந்தால் "ஹீ வொர்க்ஸ்" என்று சொல்லுங்கள், அல்லது "ஹீ இஸ் வொர்க்கிங்" என்று சொல்லுங்கள். பாதி இது பாதி அது கூடாது.

போன மாதம் தங்கை ஒருத்தி கட்டுரையில், "மை கிராண்ட்மதர் ஆர் சிக்" என்று எழுதியிருந்தாள். ஏம்மா, பாட்டி ஒருத்திதானே என்றேன். "பாட்டிக்கு உடம்பு சரியில்லாம இருக்காங்கன்னுதானே அண்ணே சொல்றோம், 'இஸ்' போட்டா மரியாதை இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சியாக இருந்தது. பெரியவர்களைப் பன்மையில் சொல்வது நம் வழக்கம். ஆங்கில வினையில் மரியாதைக்கு இடம் இல்லை. பாட்டியும் இஸ், பிரதமரும் இஸ், கடவுளும் இஸ். "யூ" மட்டும் எப்போதும் "ஆர்". எதிரே நிற்பது குழந்தையானாலும் அப்படித்தான். மரியாதையை ஆங்கிலத்தில் வேறு இடத்தில் வைப்பார்கள், "குட் யூ" என்று கேட்பதில், "சார்" என்று அழைப்பதில்.

இனி, நன்றாகப் படித்தவர்களே சறுக்கும் இடம். "தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆன் தி டேபிள்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. மேசையில் இருப்பது பட்டியல். மாணவர்கள் மேசைமேல் ஏறி உட்காரவில்லை. தமிழில் "மாணவர்களின் பட்டியல் இருக்கிறது" என்கிறோம். அடைமொழி முன்னால் போய்விடும், உண்மையான எழுவாய் வினைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வந்துவிடும், அதன் வால் நடுவில் நீளும். அந்த வாலைப் பார்த்து வினையைப் போட்டுவிடுகிறோம். "ஆஃப்" என்ற சொல்லைக் கண்டால் அதற்கு முன்னால் பாருங்கள், எழுவாய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

"ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ்" என்பதும் இப்படித்தான். பல நண்பர்கள், அவர்களில் ஒருவர். எனவே "ஃபிரெண்ட்ஸ்" பன்மை, "இஸ்" ஒருமை. "எவ்ரிபடி"யிலும் கவனம். தமிழில் "எல்லாரும் வந்துட்டாங்க" என்று பன்மை. ஆங்கிலத்தில் "எவ்ரிபடி இஸ் ஹியர்", ஆளாளாக எண்ணுகிற மாதிரி ஒருமை. "நியூஸ்" ஒருமை. "பொலிஸ்" பன்மை, தே ஆர் கமிங். 50 வெள்ளி போதும் என்றால் "ஃபிஃப்டி ரிங்கிட் இஸ் இனஃப்", அது ஒரு தொகை. கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டக் குறிப்பில் "தி கமிட்டி ஹேஸ் டிசைடட்" என்று எழுதுங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "ஹேவ்" என்பதும் வழக்கில் உண்டு. முதல் பக்கத்தில் ஒன்று, மூன்றாம் பக்கத்தில் இன்னொன்று என்று மட்டும் வேண்டாம்.

வினைகளில் செயப்படுபொருளை நேராகப் பிடித்துக்கொள்பவையும் உண்டு. "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே "பற்றி" இருக்கிறது. "டிஸ்கஸ் அபௌட்" வேண்டாம், "வீ டிஸ்கஸ்ட் தி திருவிழா" போதும். "மேரீட் வித்" என்றும் எழுதுகிறோம், அவரோடு கல்யாணம் என்று நினைத்து. "ஷீ மேரீட் ஹிம்" என்றால் சரி. "ஓப்பன் தி லைட்" எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும், "பூக்கா லம்பு"தான். "நோ, வான்ட், பிலீவ்" போன்ற மனத்தைச் சொல்லும் வினைகளுக்கு "இங்" பொதுவாக ஒட்டாது. "ஐ ஆம் நோயிங்" கிடையாது. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றால் அண்ணன் தம்பியைச் சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

உச்சரிப்பையும் விடக்கூடாது. எழுத்தில் சரியாகப் போட்டுவிட்டு, பேசும்போது கடைசி ஒலியை விழுங்குகிறோம். "வொர்க்ட்" என்பதில் "ட்" காதில் விழ வேண்டும். "வொர்க்கெட்" என்று நீட்டவும் வேண்டாம். "வான்ட்டட், நீடட்" போல டீ, டி என்ற ஒலியில் முடியும் வினைக்கு மட்டும்தான் தனி அசை. எங்கள் வகுப்பில் ஒருவர் வாக்கியம் சொல்ல, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு இன்றா, நேற்றா என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் தோற்றுப்போனோம், நானும் சேர்த்து.

"பேசினா புரியுதுல்ல அண்ணே, போதாதா?" என்று அதே வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். அவனுக்குத்தான் முதன்முதலில் அந்த நேர்முகத் தேர்வைச் சொன்னேன். பிறகு பலகையில் மூன்று வாக்கியம் எழுதினேன்.

ஹீ வொர்க்ஸ் இன் தி எஸ்டேட். இன்றும் போகிறார்.

ஹீ ஹேஸ் வொர்க்ட் இன் தி எஸ்டேட் ஃபார் தர்ட்டி இயர்ஸ். 30 வருஷம் ஆயிற்று, இன்னும் விடவில்லை.

ஹீ வொர்க்ட் இன் தி எஸ்டேட் ஃபார் தர்ட்டி இயர்ஸ். முடிந்துவிட்டது. காலமானவருக்கு இதுதான். "மை லேட் கிராண்ட்ஃபாதர் ஹேஸ் பில்ட் திஸ் ஹவுஸ்" என்பது தப்பு, "பில்ட்" மட்டும் போதும்.

அந்தத் தம்பி மூன்றாவது வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். வகுப்பு முடிந்து நாற்காலி அடுக்கும்போதுதான் சொன்னான், அவன் அம்மாவுக்கு அந்த வாக்கியம்தான் வேண்டுமாம். "ஹீ"யை "ஷீ" ஆக்கிக்கொள், வினையை மாற்றாதே என்றேன்.

இப்போது உங்கள் வேலை. கீழே உள்ளவற்றைத் திருத்துங்கள். ஒன்று ஏற்கெனவே சரியாக இருக்கிறது, கண்டுபிடியுங்கள்.

மை பிரதர் டோன்ட் ஈட் பீஃப்.
ஒன் ஆஃப் தி டெம்பிள்ஸ் இன் அவர் டவுன் ஆர் வெரி ஓல்ட்.
தி காஸ்ட் ஆஃப் தி பிரேயர் ஐட்டம்ஸ் ஹேஸ் கான் அப்.
டிட் யூ சா தி தேர் லாஸ்ட் நைட்?
எவ்ரி மெம்பர் மஸ்ட் பிரிங்ஸ் ஹிஸ் ஐ.சி.

கடைசியாக, அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதி அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள். எழுதுவதற்கு முன்னால் வீட்டில் கேளுங்கள்: எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார்கள், இடையில் எத்தனை இடம் மாறினார்கள், இன்னும் செய்கிறார்களா, எப்போது நிறுத்தினார்கள் என்று. அது தெரியாமல் எந்த வினையைப் போடுவது என்று முடிவு செய்ய முடியாது.