டீன் ஏஜ் பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போகிறீர்களா?

அக்கா மகனுக்குப் பிறந்தநாள், அண்ணன் மகள் பத்தாவது பாஸ். கடைக்குள் நுழைந்ததும் கை பேனா செட்டையும் சுவர்க் கடிகாரத்தையும் தேடும். கொஞ்சம் பொறுங்கள்.

1. அம்மாவிடம் கேட்காதீர்கள்; தம்பி தங்கையிடமோ நண்பர்களிடமோ கேளுங்கள். தேவை அம்மாவுக்குத் தெரியும், ஆசை இவர்களுக்குத்தான் தெரியும்.

2. இயர்போன் என்றால், பிள்ளையின் போனில் 3.5 மி.மீ. துளை உண்டா, டைப்-சி மட்டும்தானா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் டப்பாவைப் பிரித்த அன்றே மூட வேண்டியதுதான்.

3. வயதைச் சொல்லிச் சட்டை வாங்காதீர்கள். இப்போது விரும்பிப் போடும் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்குள்ளேயே அரை அடி உயர வித்தியாசம் இருக்கிற வயது இது. பில்லையும் பையிலேயே வையுங்கள். நிறம் பிடிக்காவிட்டால் அவர்களே போய் மாற்றிக்கொள்வார்கள்.

4. கிரிக்கெட் மட்டையா? எந்தப் பந்தில் ஆடுகிறார்கள் என்று விசாரியுங்கள். டென்னிஸ் பந்து மட்டை, தோல் பந்தின் அடி தாங்காமல் விரிசல் விடும்.

5. கொடுக்கும்போது “இனிமேலாவது நல்லா படி” என்று சொல்லவே சொல்லாதீர்கள். பிள்ளையின் முகம் அந்த நொடியே வாடிவிடும்.

6. எதுவும் பிடிபடவில்லையா, 501 ரூபாயைக் கவரில் போட்டுப் பிள்ளை கையிலேயே கொடுங்கள். பெரியவர்கள் கைக்குப் போனால் வீட்டுச் செலவோடு கரைந்துவிடும்.