கட்டிக்கு ஆயா வைத்தியம்: எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?



முழு ஆண்டுத் தேர்வு வந்தாலே வெயிலும் வந்துவிடும், கூடவே வேனல் கட்டியும் வந்துவிடும். பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிரிக்காதீங்க, நாளைக்கு நமக்கும் வரும்! எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டும் அண்ணன்களைக் கேட்டால் இந்த வலி என்னன்னு சொல்வாங்க. துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும்போது சூடான சீட்டிலேயே மணிக்கணக்காக உட்கார வேண்டும் இல்லையா?

முதலில் கட்டி எப்படி வருகிறது என்று பார்ப்போம். தோலில் ஒவ்வொரு முடிக்கும் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. வியர்வையிலும் உரசலிலும் அந்த இடம் புண்ணானால் கிருமி உள்ளே போய்விடும். அதன் பெயர் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ். 1880-ல் ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டியின் சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இந்த வகைக் கிருமியைக் கண்டுபிடித்தார். திராட்சைக் கொத்து மாதிரி கும்பலாக இருந்ததால் கிரேக்க மொழியில் அந்தப் பெயரையே வைத்தார். சுமார் மூன்று பேரில் ஒருவருக்கு இந்தக் கிருமி மூக்கிலேயே சும்மா குடியிருக்கும். மூக்கை நோண்டிவிட்டு உடம்பைச் சொறிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"மாம்பழம் தின்னே, அதான் சூட்டுக் கட்டி" என்று எல்லா வீட்டிலும் திட்டு விழும். பாவம் மாம்பழம்! மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்கு வாயோரம் புண்ணாகும், அது உண்மை. ஆனால் கட்டியைக் கொண்டு வருவது கிருமிதான். மாம்பழமும் வெயிலும் ஒரே மாசத்தில் வருவதால் பழி பழத்தின் மேல் விழுகிறது.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். எங்க ஆயா பச்சரிசி மாவில் மஞ்சள் போட்டுக் களி மாதிரிக் கிண்டி, துணியில் தடவி, பொறுக்கிற சூட்டில் கட்டி மேல் வைப்பாங்க. சில வீடுகளில் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி ஒட்டுவாங்க. வெங்காயத்தைச் சுட்டு வைக்கிறவங்களும் உண்டு. பைபிளில் எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை வைத்துக் கட்டியதாக வருகிறது. சித்த மருத்துவத்திலும் புற மருந்து 32 வகை என்று சொல்லி, அதில் கட்டு, பற்று, ஒற்றடம் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள்.

ஊர் வேற, பொருள் வேற, ஆனால் இதில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது. அது ஈரமான இளஞ்சூடு. சூடு பட்டால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், வலி குறையும், கட்டி சீக்கிரம் பழுத்துத் தானாக உடையும். இன்றைக்கு டாக்டர்களும் சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு தடவைக்கு 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒற்றடம் கொடுக்கத்தான் சொல்கிறார்கள். ஆகவே ஆயா பாதி டாக்டர்! அரிசி மாவு இல்லையென்றால் வெறும் வெந்நீர்த் துணியே போதும், செலவும் இல்லை.

மஞ்சள் பற்றி ஒரு கதை. காயத்துக்கு மஞ்சள் போடுவது எங்கள் கண்டுபிடிப்பு என்று 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம் நாட்டு அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. கேட்கப் பெருமைதான். ஆனால் ரத்து ஆனது இது பழைய பழக்கம், புதுசு இல்லை என்பதற்காக. மஞ்சள் பூசினால் கட்டி ஆறிவிடும் என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. கட்டியின் சீழ் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே பூசுகிற மஞ்சள் அவ்வளவு ஆழம் போகாது.

அடுத்து நம்ம பக்கத்தில் ரொம்பப் பேர் செய்வது மஞ்சளும் சுண்ணாம்பும். குழைத்ததும் ரத்தம் மாதிரிச் சிவக்கும். "பாரு, விஷத்தை இழுக்குது" என்பார்கள். விஷமும் இல்லை, இழுப்பதும் இல்லை! அறிவியல் பாடத்தில் மஞ்சள் தாளில் காரம் பட்டால் சிவப்பாகும் என்று படித்தோமே, அதேதான். ஆரத்தித் தட்டிலும் அதே சிவப்புதான், அங்கே எந்தக் கட்டியும் இல்லை. சுண்ணாம்பு கடுமையான காரம், தோலைச் சுட்டுவிடும். எங்க எதிர் வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை நோய். முதுகில் வந்த கட்டிக்கு ஒரு வாரம் மஞ்சள் சுண்ணாம்பு, துணி சோப்பு எல்லாம் போட்டார்கள். மேலே தோல் வெந்து போச்சு, உள்ளே சீழ் பக்கத்துக்குப் பக்கம் பரவி நாலஞ்சு வாய் திறந்துடுச்சு. இதைத்தான் ராஜபிளவை என்று பெரியவங்க பயப்படுவாங்க. ஆஸ்பத்திரியில் கீறிச் சுத்தம் செய்து, அவர் ஒரு மாதம் குப்புறப் படுத்தே தூங்கினார்.

எருக்கம் பால் வேண்டவே வேண்டாம். தோலைப் புண்ணாக்கும், கை தவறிக் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். கண்கட்டிக்கு நாமக்கட்டி இழைத்துப் போடுவதையும் விட்டுவிடலாம், மண் கண்ணுக்குள் போகும். அங்கேயும் வெந்நீர்த் துணிதான்.

ஊசியால் குத்துவது, நகத்தால் பிதுக்குவது இரண்டும் மோசம். பிதுக்கினால் சீழ் வெளியே வருவதை விட உள்ளேதான் அதிகம் போகும். மூக்கு, மேல் உதட்டுப் பக்கம் இருந்தால் தொடவே கூடாது. அங்கிருக்கும் ரத்தக் குழாய்கள் மூளைப் பக்கம் தொடர்பு உள்ளவை. தானாக உடைந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். அந்தச் சீழில் கிருமி உயிரோடு இருக்கிறது. அதனால் அவங்க துண்டை வேறு யாரும் தொடக்கூடாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துவைக்க வேண்டும்.

மெடிக்கலில் நாமே கேட்டு ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வலி குறைந்ததும் நிறுத்துவதும் தப்பு. மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் 1961-லேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது.

காய்ச்சல் வந்தாலோ, கட்டியிலிருந்து சிவப்புக் கோடு ஓடினாலோ, முகத்தில் வந்தாலோ, இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ ஆயாவையே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள், கைக்குழந்தைகள் என்றால் முதல் நாளே போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம், பெரிதாக இருந்தால் ராயபுரம் பக்கம் ஸ்டான்லி இருக்கிறது. மரத்துப் போக ஊசி போட்டுத்தான் கீறுவார்கள். சின்னக் கட்டி என்றால் சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.