தில்லிக் குளிரில் மாவும் புத்தகமும்

தில்லியில் டிசம்பர் பிற்பாதியில் தொடங்கிப் பொங்கல் தாண்டியும் நீடிக்கும் கடுங்குளிர், தெற்கிலிருந்து சென்று குடியேறியவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகள் வீட்டுச் சிறையாகவே தோன்றும். சன்னலைத் திறந்தால் மூடுபனியும் மாசுபட்ட காற்றும் உள்ளே வரும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது வழக்கம். அங்கேயே குடியிருந்து பழகியவர்களோ அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே காத்திருக்கிறார்கள். வீட்டிலேயே ரொட்டி சுடுவதும் அமைதியாகப் படிப்பதும் ஒன்றுக்கொன்று இடம்கொடுக்கும் பருவம் அது என்பது அவர்களது அனுபவம்.

இதன் காரணம் ஈஸ்டின் இயல்பில் இருக்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணிய பூஞ்சை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிட, அவ்வாயு குளூட்டன் எனப்படும் கோதுமைப் புரதத்தின் வலையில் சிக்கிக்கொள்வதால் மாவு உப்புகிறது. சென்னை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இருமடங்காகும் மாவு, சூடேற்றப்படாத தில்லி அறையில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஈரத்துணி போட்டு மூடிவைத்த பின் மாவுக்கு எவருடைய உதவியும் தேவைப்படாததால் அந்த நேரம் முழுவதும் வாசிப்புக்கு உரியதாகிறது. புளிப்பை விரைவுபடுத்த முயலாமல் விடுவதே நல்லது. மெதுவாகப் புளித்த மாவில் அமிலங்களும் மணப்பொருள்களும் கூடுதலாக உருவாவதால் ரொட்டியின் சுவை ஒரு படி உயர்கிறது. இட்லி மாவு மட்டும் இதற்கு விலக்கு. அதனைப் பொங்கவைக்க, ஓடிஜி எனப்படும் சிறு மின்அடுப்பை இரண்டு நிமிடம் சூடாக்கி அணைத்து, அந்தக் கதகதப்பில் பாத்திரத்தை இரவு முழுவதும் வைக்க வேண்டியிருக்கும்.

ரொட்டிக்கு ‘சக்கி ஆட்டா’, அதாவது கல் இயந்திரத்தில் அரைத்த முழுக்கோதுமை மாவு, பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வகை அரைப்பில் மாவுச்சத்துத் துகள்கள் சிதைந்து அதிக நீரை உறிஞ்சுவதால், மைதாவுக்குரிய நீரளவு இதற்குப் போதாது.

தொடக்கநிலையினருக்கு ரொட்டியைவிட நான்கட்டாய் எளிது. மைதா, கடலைமாவு, சிறிது ரவை, பொடித்த சர்க்கரை, ஏலக்காய் ஆகியவற்றை நெய்யில் பிசைந்து சுடும் இந்தப் பிஸ்கட், பழைய தில்லியின் தெருக்களில் தள்ளுவண்டிகளில் சுடச்சுட விற்கப்படுவது. நெய்யை உருக்கி ஊற்றினால் பிஸ்கட் தட்டில் பரவித் தட்டையாகிவிடும். குளிரில் தானாகவே வெண்ணெய்ப் பதத்துக்கு உறைந்த நெய்யைச் சர்க்கரையுடன் வெளுக்கும்வரை தேய்த்தால், வாயில் வைத்ததும் உதிரும் பதம் கிட்டும். 160 டிகிரியில் இருபது நிமிடம் சுட்டு எடுக்கையில் பிஸ்கட் தொட்டால் உடையுமளவு மென்மையாகத்தான் இருக்கும். ஆறிய பிறகே அது இறுகும் என்பதை அறியாமல் மேலும் சுடுவோருக்கு அடிப்பகுதி கருகிவிடுகிறது. ஓடிஜி இல்லாதவர்கள் மாவு, சர்க்கரை, நெய் மூன்றையும் தெருமுனை பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கமும் வட இந்தியாவில் உண்டு; அது மறையக் கூடாத வழக்கம்.

புத்தகங்களுக்கும் அந்நகரில் பஞ்சமில்லை. ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கம் நூலகம் ஒன்றை நடத்துகிறது. மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமியின் பன்மொழி நூலகம் இருக்கிறது. தரியாகஞ்ச் நடைபாதையில் பல்லாண்டு நடந்த ஞாயிறு பழைய புத்தகச் சந்தை, 2019 முதல் அருகிலுள்ள மகிளா ஹாட்டில் கூடுகிறது. ஆதவனின் ‘காகித மலர்கள்’, இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’ ஆகிய நாவல்கள் தில்லி வாழ்வையே களமாகக் கொண்டவை என்பதால், அந்நகரத்தில் இருந்து படிப்போருக்கு அவை தனி நெருக்கம் தருகின்றன.

மாவு உப்பும் நேரத்தைக் கணக்கிட அலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதைத் தவிர்த்து, சுவர்க் கடிகாரத்தையோ சமையலறை டைமரையோ நம்பினால் படிப்பு அறுபடாது. பிப்ரவரி முடிவதற்குள் மாவு உப்பும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், தடித்த நாவல்களை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. மார்ச்சுக்குப் பிறகு கிடைக்கும் இடைவெளி சிறுகதைகளுக்கே போதுமானது, மே மாத வெயிலில் ஓடிஜியை மூட்ட எவருக்கும் மனம் வராது.